வெட்டிய கிளையைத் திரும்பக் கட்டிய கதை

மரத்தில் ஒரு கிளை முறிந்து தொங்கினால் அதை இறக்குவதற்கு என்ன வேண்டும்? ஒரு ரம்பம் வேண்டும், ஒரு கயிறு வேண்டும், மேலே ஏற ஒரு ஆள், கீழே கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள். அந்தப் பூங்காவில் ரொம்ப காலமாக இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், விவரம் தெரியாத ஜனங்கள். பாதுகாப்புப் பிரிவு வந்த பிறகுதான் அவர்களுக்குக் கண் திறந்தது.

கிளை முறிந்தது ஒரு காற்று மழைக்குப் பிறகு. பூங்காவின் நடுவில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலே. களை எடுக்கும் பெண்கள் கைகால் கழுவுவதும், மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடுவதும், சாப்பிட்ட கையோடு பத்து நிமிஷம் முதுகு சாய்ப்பதும் அந்தக் குழாயடி நிழலில்தான். தொடைப் பருமன் இருந்த கிளை, கொஞ்சம் பட்டையிலும் கொஞ்சம் நாரிலும் ஒட்டிக்கொண்டு, இப்போது விழட்டுமா அப்புறம் விழட்டுமா என்று கேட்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

அதை முதலில் பார்த்தவர் அத்தான்.

அத்தான் என்பது அவருடைய பெயர் இல்லை. அவருடைய மனைவி அந்தப் பூங்காவில் அவருக்கு முன்பே களை எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்கா. அக்காவின் புருஷன் மரம் கழிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தவுடன், யாரும் யோசிக்காமலே அத்தான் ஆகிவிட்டார். தலை நரைத்த மேஸ்திரிகூட அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒருத்தி மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவளுக்கு ‘இந்தாய்யா’ போதும்.

அத்தான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேஸ்திரி ஓடி வந்து குறுக்கே நின்றார்.

“அதைக் கீழ வைங்க அத்தான்! இப்ப முன்ன மாதிரி இல்ல. கிளையில கை வைக்கணும்னா பாதுகாப்புப் பிரிவுல சொல்லணும்.”

“சொன்னா?”

“அவங்க பாத்துப்பாங்க.”

“அவங்க பாத்தா கிளை விழாதா?”

“எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு அத்தான்” என்றார் மேஸ்திரி. எந்தக் கேள்விக்கும் அவரிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

பாதுகாப்புப் பிரிவு இருந்தது பழைய கருவி அறையில். அதற்கு இடம் தேடியபோது பூங்காவிலேயே மழை ஒழுகாத அறை அதுதான் என்று கண்டுபிடித்தார்கள். ரம்பம், கத்தரி, மண்வெட்டி, புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் வெளியே தூக்கிச் சுவரோரம் போட்டு மேலே ஒரு தார்ப்பாயை மூடினார்கள். அறைக்குள் ஏசி வந்தது, மேஜை வந்தது, சுழலும் நாற்காலி வந்தது. ‘துருப்பிடித்த கருவிகள் உயிரைக் குடிக்கும்’ என்று பெரிய வண்ணப்படம் ஒன்றும் வந்தது. முன்பு ரம்பம் மாட்டியிருந்த ஆணியில் அதை மாட்டினார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரியை எல்லோரும் ஹெல்மெட் சார் என்பார்கள். மஞ்சள் ஹெல்மெட்டை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கான்கிரீட் கூரைக்கு அடியில், ஏசி காற்றில், கோப்பைப் புரட்டும்போதும் அது தலையில்தான் இருக்கும். தப்பித் தவறிக்கூட யாரையும் உறவு சொல்லிக் கூப்பிட மாட்டார். அவருக்கு எல்லோரும் பணியாளர்கள்.

“உட்காருங்க பணியாளரே. முதுகை நேரா வச்சு உட்காருங்க. என்ன விஷயம்?”

அத்தான் சொன்னார்.

“கிளை விழுந்திருக்கா?”

“இல்ல சார். தொங்குது.”

“யார் மேலயாவது பட்டுச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

அதிகாரியின் முகம் கொஞ்சம் வாடியது. “விழுந்திருந்தா விபத்துப் படிவம் இருக்கு, சுலபமா முடிச்சிடலாம். பரவாயில்ல, பதிவு பண்ணிடுவோம். ஆபத்துன்னா என்னன்னு யோசிச்சிருக்கீங்களா? பதிவு பண்ணாத வரைக்கும்தான் அது ஆபத்து. பதிவு பண்ணிட்டா அது தகவல். தகவல் யார் தலையிலயும் விழாது.”

அத்தானுக்கு இது ஆறுதலாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தக் கிளை தன் மனைவியின் தலையில் விழக்கூடாது. அதைத் தகவலாக ஆக்கினால் என்ன, கவிதையாக ஆக்கினால் என்ன, அது மேலே இருந்து கீழே வரும்போது கனமாகத்தானே வரும்?

பதிவு செய்த ஆபத்துக்கு ஒரு சிவப்பு அட்டை கட்ட வேண்டுமாம். அட்டையை அத்தானிடம் கொடுத்து, கிளைக்கு நேர் கீழே நின்று, எக்கி, தொங்கும் நுனியில் கட்டச் சொன்னார்கள். அதிகாரி தூரத்தில் நின்று போட்டோ எடுத்தார். “இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. கிளையும் தெரியணும், நீங்களும் தெரியணும்.”

அடுத்து ஒரு பலகை நட்டார்கள். ‘எச்சரிக்கை! மேலே ஆபத்து உள்ளது’ என்று எழுதியிருந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் அதைப் படிக்க ஒவ்வொருவரும் கிளைக்கு அடியில் வந்து நிற்க வேண்டியிருந்தது. காலையில் நடக்க வருகிறவர்கள் ஒருவர் விடாமல் வந்து நின்று, படித்து, மேலே பார்த்து, “ஆமாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பு அந்தப் பக்கம் வராதவர்கள்கூட வந்தார்கள்.

பணியாளர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அக்கா மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டாள். “நாங்க தண்ணி குடிக்க வேற எங்க போறது?” பூங்காவில் வேறு குழாய் இல்லை. ஆனால் வெயிலில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பாதுகாப்புப் பிரிவே ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. குடிக்காதவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அடியில் எழுதியும் இருந்தது. குழாயடிக்குப் போகாதே, தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. இரண்டும் விதி. அதிகாரி அதற்கும் வழி கண்டுபிடித்தார். களை எடுக்கும் பெண்களுக்கு ஒரே ஒரு ஹெல்மெட் ஒதுக்கப்பட்டது. குழாயடிக்குப் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தொலைந்துபோகக் கூடாது என்பதற்காக அதைத் தூங்குமூஞ்சி மரத்திலேயே, கிளைக்கு அடியில், ஒரு ஆணி அடித்து மாட்டினார்கள்.

“இந்தாய்யா” என்றாள் அக்கா, அன்று மாலை வீட்டில் டப்பாவைக் கழுவியபடியே. “ஹெல்மெட்ட எடுக்கப் போறப்ப தலையில விழுந்தா என்ன பண்றது?”

“கேட்டேன். அதுக்குத் தனியா ஒரு ஹெல்மெட் பரிசீலனையில இருக்காம்.”

“அதை எங்க மாட்டுவாங்க?”

அவர்கள் குடியிருந்தது ஒரே அறை. கோபம் வந்தால் போய் உட்கார வேறு இடம் கிடையாது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மறுபடியும் போய்க் கேட்டார். “நானே ஏறி இறக்கிடுறேன் சார். டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.”

“உயரத்துல வேலை செய்யப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கா?”

“நான் மரம் ஏறாத நாளே கிடையாது சார்.”

“விழுந்திருக்கீங்களா?”

“ஒரு தடவைகூட இல்ல.”

“பாத்தீங்களா! விழுறதைப் பத்தி உங்களுக்கு அனுபவமே இல்ல. உங்களை நம்பி எப்படி ஏத்துறது?”

பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஜன்னல் இல்லாத ஒரு அறை. திரையில் ஒரு மரத்தின் படம். பயிற்சி கொடுக்க வந்தவர் பாய்ந்து பாய்ந்து பேசினார். மரம் என்பது தரையிலிருந்து மேல் நோக்கி இருக்கும் என்றும், விழுகிறவர் பெரும்பாலும் கீழ் நோக்கியே விழுகிறார் என்றும் விளக்கினார். பிறகு ஒவ்வொருவரையும் நாற்காலி மேல் ஏறி இறங்கச் சொன்னார். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. அத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக உயரத்திலிருந்து விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு. “இப்ப அனுபவம் வந்துடுச்சு” என்று பயிற்சியாளர் கைகுலுக்கினார்.

ஆனாலும் சான்றிதழ் கிடைக்கவில்லை. உண்மையான மரத்தில் ஏறிக் காட்டினால்தான் தருவார்களாம். சான்றிதழ் இல்லாமல் மரத்தில் ஏறக்கூடாதாம். அத்தான் இதை மேஸ்திரியிடம் சொல்லி, “நான் இப்ப என்னதான் பண்றது?” என்று கேட்டார். மேஸ்திரி தன் ரிட்டையர்மென்ட்டைப் பற்றிச் சொன்னார்.

கிளை அதுவரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் லேசாகக் காற்று அடித்தது. அக்கா டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கப் போகும்போது மேலே ‘மடக்’ என்று ஒரு சத்தம். பெரிய கிளை இரண்டு சாண் இறங்கி நின்றது. அதிலிருந்து உடைந்த கைப்பருமன் கொம்பு ஒன்று அக்காவின் காதை உரசிக்கொண்டு வந்து டப்பாவில் விழுந்தது. சாப்பாடெல்லாம் மண்ணில்.

தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த அத்தான் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். அக்காவின் காதோரம் ரத்தக் கோடு. அவளுக்கு வாய் வரவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் அத்தான் பயந்துபோனார்.

விசாரணை உடனே நடந்தது. அதிகாரி மகிழ்ச்சியாக இருந்தார்.

“இது விபத்து இல்ல, மயிரிழையில் தப்பின சம்பவம். இந்த வருஷத்துல நமக்கு இது ஒண்ணுகூட வரலியேன்னு மேலிடத்துல வருத்தப்பட்டாங்க. பணியாளரம்மா, உங்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் உண்டு. சரி, நீங்க எதுக்கு அங்க போனீங்க?”

“தண்ணி குடிக்க.”

“தண்ணி எதுக்கு?”

“தாகத்துக்கு.” அக்காவுக்கு வாய் திரும்பி வந்துகொண்டிருந்தது. “உங்க ஊருல தண்ணி எதுக்குக் குடிப்பாங்க?”

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். சம்பவத்தின் மூல காரணம்: தாகம். பரிந்துரை: பணியாளர்கள் தாகத்தைக் கட்டுப்படுத்தப் பயிற்சி அளிக்கலாம்.

“கிளை சார்?” என்றார் அத்தான்.

“கிளை பதிவுல இருக்கு” என்றார் அதிகாரி, கொஞ்சம் கோபமாக. “ஒரு தடவை பதிவு பண்ணினதை எத்தனை தடவை கேப்பீங்க?”

மறுநாள் அந்தக் கிளையைப் பற்றி முடிவெடுக்க ஒரு கூட்டம் போட்டார்கள். அதிகாரி, கணக்கர், மேஸ்திரி எல்லோரும் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தான் தார்ப்பாயைத் தூக்கி, துருவேறிய ரம்பத்தையும் கயிற்றையும் எடுத்தார். அக்காவைப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தாள்.

அவர் ஏறினார். கிளையைக் கயிற்றில் கட்டி, மேல் கொம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கீழே போட்டார். அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் எட்ட நின்று பிடித்துக்கொண்டார்கள். ரம்பம் மழுங்கியிருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான். கிளை பூனை இறங்குவது மாதிரி சத்தமில்லாமல் தரைக்கு வந்தது. உள்ளே கூட்டம் இன்னும் முன்னுரையைத் தாண்டவில்லை.

அன்று பெண்கள் குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி அத்தானின் மூடியில் வைத்தாள். இருபது வார்த்தை பேசினாலும் அவளால் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. அத்தானுக்கும் அது புரிந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்த ஹெல்மெட் சார் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். திருடு போன வீட்டைப் பார்ப்பவர்போல நின்றார்.

“கிளை எங்க?”

“வெட்டி இறக்கிட்டேன் சார்.”

“யாரைக் கேட்டு?”

“அது இவ தலையில விழப் போச்சு சார்.”

“விழல இல்ல?” அதிகாரி போட்டோவை ஆட்டிக் காட்டினார். “என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க தெரியுமா? அது பாதுகாப்புப் பிரிவுக்குச் சொந்தமான ஆபத்து. அடுத்த வாரம் பாதுகாப்பு விழா. இயக்குநர் வர்றாரு. அவர் கொடியசைச்சு, முறைப்படி அந்த ஆபத்தை நீக்குறதுன்னு இப்பதான் தீர்மானம் போட்டு வச்சோம். இல்லாத ஆபத்தை நான் எப்படி நீக்குவேன்?”

அத்தான் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

“அனுமதியில்லாம ஆபத்தை அகற்றினதுக்கு உங்க ரெண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பலாம்” என்றார் அதிகாரி. ஒரே அறை, அதற்கு வாடகை, இரண்டு பேருக்கும் இதே பூங்காதான் பிழைப்பு. திடீரென்று அதிகாரியின் முகம் தெளிந்தது. “ஒரு வழி இருக்கு. திருப்பிக் கட்டிடுங்க.”

“எதை சார்?”

“கிளையை. மரத்துல. முன்ன எப்படித் தொங்குச்சோ அப்படி.”

தன் காதில்தான் கோளாறோ என்று அத்தான் அக்காவைப் பார்த்தார். அவளும் வாயைத் திறந்தபடி நின்றாள். காதில் கோளாறு இல்லை.

“மரத்துல ஏறச் சான்றிதழ் வேணும்னு சொன்னீங்களே சார்?”

“அது வெட்டுறதுக்கு. கட்டுறதுக்கு விதி எதுவும் இல்ல. நான் நல்லாத் தேடிட்டேன். விதி இல்லாத வேலையில விதி மீறல் வராது. தைரியமா ஏறுங்க.”

அத்தான் ஏறினார். தடித்த கயிறு வேண்டாம், போட்டோவில் தெரியும் என்றார் அதிகாரி. மெல்லிசான கம்பிதான். நான்கு பேர் கீழே இருந்து கிளையைத் தூக்கிக் கொடுக்க, அத்தான் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் கம்பியை முறுக்கினார். அதிகாரி பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் இடது பக்கம்... இன்னும் கொஞ்சம் கீழ... இல்ல பணியாளரே, இது ரொம்ப உறுதியா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஆபத்தாத் தெரியணும்.”

அத்தான் கம்பியை ஒரு சுற்றுத் தளர்த்தினார். அந்த ஒரு சுற்றைத் தளர்த்தும்போது அவருக்கு அழுகை வந்தது. கஷ்டப்பட்டு இறக்கியதைத் தன் கையாலேயே ஏற்றி வைக்கிறோமே என்ற ஆத்திரம். இறங்கி வந்ததும் அதிகாரி, ‘நான் கிளையை வெட்டவே இல்லை’ என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அக்கா அத்தானிடம் பேசவில்லை. அன்று வீட்டிலும் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விழா நாள் வந்தது. பூங்காவில் அந்த மரத்தடியில் மட்டும்தான் ஊருக்கே போதுமான நிழல். அதனால் பந்தல் செலவு மிச்சம் என்று நாற்காலிகளை அங்கேயே போட்டார்கள். மேடை மட்டும் கொஞ்சம் தள்ளி. அத்தானுக்கு மூன்று பெல்ட், இரண்டு அளவு பெரிய பூட்ஸ், விரல் மடங்காத கையுறை எல்லாம் மாட்டிவிட்டார்கள். ஹெல்மெட் மட்டும் இல்லை. ஆணியில் தொங்கியதைக் கழுவித் துடைத்து இயக்குநருக்கு வைத்திருந்தார்கள். தரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, ‘பணியாளர் நிற்க வேண்டிய பாதுகாப்பான இடம்’ என்று எழுதியிருந்தது. அத்தான் அண்ணாந்து பார்த்தார். வட்டம் கிளைக்கு நேர் கீழே இருந்தது.

“சார், இது...”

“கிளையும் தெரியணும், நீங்களும் தெரியணும்” என்றார் அதிகாரி.

இயக்குநர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“ஒரு காலத்தில் இந்தப் பூங்காவில் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசியதே கிடையாது. ஏனென்றால் விபத்தே நடக்கவில்லை. அந்த அறியாமையிலிருந்து இன்றைக்கு நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். உழைப்பாளியின் உயிர் விலைமதிப்பற்றது. சிலர் கேட்கிறார்கள், பாதுகாப்புக்கு இந்த வருஷம் என்ன ஒதுக்கினீர்கள் என்று. நான் கேட்கிறேன், விலையே மதிக்க முடியாத ஒன்றுக்கு எவ்வளவு என்று ஒதுக்குவது? ஆகவே ஒன்றும் ஒதுக்கவில்லை. பலகைகளுக்கு மட்டும் ஒதுக்கினோம். என்னுடைய கனவு ஒன்றுதான். இந்தப் பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஆபத்து பதிவாக வேண்டும்!”

கைதட்டினார்கள். அதிகாரி முன்னால் வந்து எல்லோரையும் உறுதிமொழி எடுக்கச் சொன்னார். வலது கையை நீட்ட வேண்டும், முடியும்வரை யாரும் அசையக்கூடாது. “பாதுகாப்பே என் மூச்சு” என்று அவர் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். காற்று கிளம்பியது. வட்டத்துக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்ற அத்தானின் தலைக்கு மேலே ‘கிர்ர்’ என்று கம்பி முறுக்கு அவிழும் சத்தம். அது எந்த முறுக்கு என்று அவருக்குத் தெரியும். நகரலாமா? உறுதிமொழியில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசைந்தால் வேலை போய்விடும். அவர் அசையவில்லை.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு கத்தல்.

“அத்தான்!”

ஊரே கூப்பிடும் பெயர்தான். ஆனால் அந்தக் குரல் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஆச்சரியத்தில் அவர் அவளைப் பார்த்துத் திரும்பினார், ஒரு அடி எடுத்து வைத்தார். தலையில் விழ வேண்டிய கிளை தோளில் விழுந்தது.

இயக்குநர் கைதட்டினார். நிகழ்ச்சி நிரலில் ‘ஆபத்து நீக்கம்’ என்று இருந்தது, ஆபத்து மரத்திலிருந்து நீங்கிவிட்டது. அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். கிளைக்கு அடியில் கிடந்த அத்தானைக் கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் எடுத்தார்கள். அதற்குள் அக்கா கிளையின் ஒரு முனையைத் தனியாளாகப் புரட்டியிருந்தாள்.

தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு அத்தான் படுத்திருக்கும்போது ஹெல்மெட் சார் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். வார்டிலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“முதல்ல ஒரு நல்ல செய்தி. இது விபத்து இல்ல.”

“பின்ன என்ன, விருந்தா?” என்றாள் அக்கா.

“பதறாமக் கேளுங்க. அந்தக் கிளையை நீங்க முந்தின வாரமே வெட்டிட்டீங்க இல்லையா?”

“நான் வெட்டவே இல்லன்னு நீங்கதானே சார் எழுதி வாங்கினீங்க?” என்றார் அத்தான்.

“அது அப்ப. இப்ப தீர விசாரிச்சதுல நீங்க வெட்டினது உண்மைன்னு தெரியவந்திருக்கு. பாராட்டுகள். முன்தேதி போட்டு அனுமதியும் குடுத்தாச்சு. ஆக, விழா அன்னைக்கு மரத்துல அந்தக் கிளையே கிடையாது. இல்லாத கிளை எப்படி விழும்?”

“அப்ப இவரு தோளு?”

“அதுதான் எங்களுக்கும் விளங்கல.” அதிகாரி பேனாவைத் திறந்தார். குரலைத் தாழ்த்தி, “வீட்டுல ஏதாவது தகராறா?” என்று கேட்டார்.

“வீட்டுல நான்தான் இருக்கேன்” என்றாள் அக்கா.

“அதை எழுதிக்கலாமா?”

அக்கா பைக்குள் கைவிட்டு, இருந்ததிலேயே பெரிய ஆப்பிளை எடுத்து எறிந்தாள். ‘டொக்’ என்று நடு மண்டையில் பட்டுத் தெறித்தது. அந்த ஹெல்மெட் உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை. அதிகாரிக்குக் கோபமே வரவில்லை. ஹெல்மெட்டைத் தடவிப் பார்த்து, “பாத்தீங்களா?” என்றார் பெருமையோடு.

கட்டுப் பிரித்த பிறகும் அத்தானால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இனிமேல் மரம் ஏற முடியாது. அதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. ஆனால் நல்ல உயரமான மரம் ஒன்றைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிர்வாகம் பெருந்தன்மையோடு அவருக்கு இலகுவான வேலை கொடுத்தது. பாதுகாப்புப் பிரிவின் கதவருகே ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டும். யாராவது போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து மூட வேண்டும். ஏசி குளிர் வெளியே போய்விடக் கூடாது.

அடுத்த காற்று மழையில் நடைபாதைக்கு மேலே இன்னொரு மரத்தில் ஒரு கிளை முறிந்தது. அக்கா அதைப் பார்த்தாள். மேஸ்திரியும் பார்த்தார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ரம்பமும் கயிறும் காணாமல்போயின. அக்காவே ஏறினாள். மேஸ்திரிக்கு ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, அதனால் கயிற்றை அவர் பிடித்துக்கொண்டார். இறக்கிய கிளையைத் துண்டு துண்டாக நறுக்கி, களைக் கூடைகளில் போட்டு, மேலே புல்லைப் பரப்பி வெளியே கடத்தினார்கள். வெட்டின வாயில் சேற்றைப் பூசினார்கள். திருடர்களாலும் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது. அதற்குப் பிறகு அந்தப் பூங்காவில் எல்லா வேலையும் அப்படித்தான் நடந்தது.

ஒரு மத்தியானம் ஹெல்மெட் சார் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். தூரத்தில் ரம்பம் இழுக்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

“என்ன சத்தம் அது?”

“மரங்கொத்தி சார்” என்றார் அத்தான்.

“ஓ.” அதிகாரிக்கு மனம் நிறைந்திருந்தது, முதல் தடவையாக உறவு சொல்லிக் கூப்பிட்டார். “கவனிச்சீங்களா அத்தான்? இப்பெல்லாம் ஒரு ஆபத்துகூடப் பதிவாகிறதில்ல. விபத்தும் இல்ல. எல்லாம் இந்தப் பிரிவு வந்ததாலதான். இயக்குநர்கூட சொன்னாரு. நான் அப்படியே வெளிய போய் ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு வரட்டுமா?”

அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்து நல்ல கையால் கதவைப் பிடித்தார்.

“வேண்டாம் சார். வெளிய ரொம்ப வெயில். நீங்க உள்ளயே இருங்க, அதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு” என்று சொல்லிவிட்டு, குளிர் வெளியே போகாமல் கதவை இறுக்கிச் சாத்தினார்.